மீள்நுழைவு ஆய்வும் பெங்களூர்க் காற்றுச் சுரங்கங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

பெங்களூர் நகரின் பழைய கன்டோன்மென்ட் பகுதியில் அல்சூர் ஏரிக்கு அருகே அமைந்துள்ள குடியிருப்பு மர்பி டவுன். தமிழ் பேசும் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. இதற்கு வடமேற்கே, ‘டாடா இன்ஸ்டிடியூட்’ என்று மக்கள் வழக்கில் அழைக்கப்பெறும் இந்திய அறிவியல் நிறுவனம் உள்ளது. தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் பழைய விமான நிலையத்தை ஒட்டி இந்துஸ்தான் வானூர்தித் தொழிற்சாலையும் தேசிய வான்விண்ணியல் ஆய்வகங்களும் உள்ளன. முருகேஷ்பாளையா வழியே செல்லும் ஒரு தெருவுக்கு ‘விண்ட் டனல் ரோடு’ என்றே பெயர் வழங்குகின்றது. பேட்டை, பாளையம், ஏரி, கோயில் ஆகியவற்றால் பெயர்பெற்ற தெருக்களுக்கு நடுவே ஓர் ஆய்வுக் கருவியின் பெயரைத் தாங்கிய தெரு அமைந்திருப்பது இந்நகரின் அண்மைக்கால வரலாற்றைச் சுருக்கமாக உணர்த்துகின்றது.

இவ்விரு திசைகளிலும் அமைந்த நிறுவனங்களில் வளர்ந்த காற்றுச் சுரங்க ஆய்வை, குறிப்பாக விண்வெளியிலிருந்து காற்று மண்டலத்துக்குள் மீண்டும் நுழையும் கலங்களைப் பற்றிய ஆய்வை, வரலாற்று நோக்கில் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். எந்த ஒரு காற்றுச் சுரங்கமும் மீள்நுழைவின் உண்மை நிலையை முழுமையாகப் படைத்துக் காட்ட வல்லதன்று. ஆகவே, எதை அளப்பது, எதை விடுப்பது என்னும் தேர்வே இவ்வாய்வின் வரலாறாக அமைகின்றது என்பது இங்கு நிறுவப்பெறுகின்றது.

2. சொல்லும் பொருளும்

ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்டு ஒரு பொருளின் வேகத்தைக் குறிக்கும் எண் மாக் எண் எனப்படும். ஆஸ்திரிய இயற்பியலார் எர்ன்ஸ்ட் மாக்கின் பெயரால் இது வழங்குகின்றது. பாய்ந்து செல்லும் துப்பாக்கிக் குண்டின் முன் தோன்றும் அதிர்ச்சி அலையைப் பீட்டர் சால்ச்சரின் துணையோடு ஒளிப்படமாக்கி 1887ஆம் ஆண்டு அவர் வெளியிட்டார். மாக் எண் 1ஐக் கடந்த வேகம் மீயொலி வேகம். ஏறத்தாழ 5ஐக் கடந்தது அதிமீயொலி வேகம். பிந்தியதற்குரிய ஆங்கிலச் சொல்லை 1946ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியவர் அமெரிக்காவில் பணியாற்றிய சீன அறிஞர் சியென் சூ-சென் ஆவார்.

தமிழில் மருத்துவத்துறையார் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியையும் ‘மீயொலி’ என்றே குறிப்பர். ஆகவே வானூர்தியியலில் ‘மீயொலி வேகம்’ எனச் சேர்த்துரைப்பதே மயக்கம் தவிர்க்கும். ‘காற்றுச் சுரங்கம்’ என்னும் சொல் நன்கு பொருந்தியுள்ளது. சிலப்பதிகாரத்தில் மதுரையின் கரந்துசெல்லும் வழியைக் குறிக்கும் ‘சுருங்கை’ என்னும் சொல்லோடு ‘சுரங்கம்’ உறவுடையதாகக் கருதப்படுகின்றது. அங்கு வழி நிலையாக இருக்க, அதனுள் செல்வோர் இயங்குகின்றனர். காற்றுச் சுரங்கத்திலோ பொருள் நிலையாக இருக்க, காற்று இயங்குகின்றது. பொருள் காற்றில் செல்வதும் காற்று பொருளின்மேல் செல்வதும் விசையைப் பொறுத்தவரை ஒன்றே என்னும் அடிப்படையில் இக்கருவி எழுந்தது.

3. மீள்நுழைவின் சிக்கல்

புவியைத் தாழ்வான சுற்றுப்பாதையில் சுற்றிவரும் கலம் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகத்தில் இயங்குகின்றது. அவ்வேகத்தில் ஒவ்வொரு கிலோகிராம் நிறையும் கொண்டுள்ள இயக்க ஆற்றல் ஏறத்தாழ 30 மெகாஜூல். அறை வெப்பநிலையிலுள்ள 12 கிலோகிராம் நீரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்க இவ்வாற்றல் ஏறக்குறையப் போதும். கலம் நிலத்தில் வந்து நிற்பதற்கு இவ்வாற்றல் அனைத்தும் வெளியேற வேண்டும். அதன் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறுகின்றது. அவ்வெப்பத்தில் சிறு பங்கு கலத்துக்குள் புகுந்தாலும் கலம் அழிந்துவிடும்.

தொடக்க காலத்தில், வேகமாகச் செல்லும் பொருளுக்குக் கூரிய முனையே ஏற்றது என்னும் கருத்து நிலவியது. அம்பும் ஈட்டியும் துப்பாக்கிக் குண்டும் அவ்வாறே வடிவமைந்தன. அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜூலியன் ஆலன் 1950களின் தொடக்கத்தில் இக்கருத்தை மறுத்தார். மழுங்கிய முனையுடைய பொருளின் முன்னே வலிமைமிக்க அதிர்ச்சி அலை விலகி நிற்கும். வெப்பத்தின் பெரும்பகுதி அவ்வலையைக் கடக்கும் காற்றைச் சூடாக்குவதிலேயே செலவாகும். எஞ்சிய சிறு பகுதியே கலத்தைச் சேரும் என்று அவரும் ஆல்ஃபிரெட் எக்கர்சும் காட்டினர். முதலில் மறைவாக வைக்கப்பட்ட இம்முடிவு 1958ஆம் ஆண்டு வெளிப்படையான அறிக்கையாக வந்தது. முனையின் நுனியில் ஏற்படும் வெப்பப் பாய்வு, முனை ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். 1 சென்டிமீட்டர் ஆரமுள்ள முனையை 1 மீட்டர் ஆரமுடையதாக்கினால் வெப்பப் பாய்வு பத்தில் ஒரு பங்காகக் குறைகின்றது.

மழுங்கு முனை வெப்பத்தைக் குறைப்பினும் புதிய வினாக்களை எழுப்பிற்று. அம்முனையைக் கடக்கும் காற்று பல்லாயிரம் பாகை வெப்பமடைகின்றது. ஏறத்தாழ 2,500 கெல்வின் வெப்பநிலையில் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிளவுறத் தொடங்குகின்றன. 4,000 கெல்வினை அணுகும்போது நைட்ரஜனும் பிளவுறுகின்றது. இந்நிலையில் காற்று நாமறிந்த காற்றாக இருப்பதில்லை. அதன் அழுத்தமும் அடர்த்தியும் மாறுபடுவதால் கலத்தின்மீது செயற்படும் விசைகளும் மாறுபடுகின்றன.

இம்மாறுபாடு வெறும் கோட்பாட்டுச் சிக்கல் அன்று என்பதைக் கொலம்பியா விண்ணோடத்தின் முதற்பயணம் உணர்த்தியது. 1981ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் அது திரும்பிவந்தபோது, கலத்தின் மூக்கு எதிர்பார்த்ததைவிட மேல்நோக்கி உயர முனைந்தது. அதனைச் சமன்செய்ய அடிப்பகுதி மடிப்பை, காற்றுச் சுரங்க ஆய்வுகள் முன்னுரைத்ததைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு சாய்க்க நேர்ந்தது. மடிப்புக்கு மேலும் இடமிருந்தமையால் கலம் தப்பியது. குளிர்ந்த காற்றில் செய்த ஆய்வு, கொதிக்கும் காற்றின் இயல்பை முழுவதும் சொல்லவில்லை என்பது இதனால் வெளிப்பட்டது.

4. காற்றுச் சுரங்கமும் அதிர்ச்சிச் சுரங்கமும்

முதற்காற்றுச் சுரங்கத்தை 1871ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரான்சிஸ் வென்ஹாம் அமைத்தார். 1901ஆம் ஆண்டு ரைட் உடன்பிறந்தார் தாமே செய்த சிறு சுரங்கத்தில் சிறகு வடிவங்களை ஆராய்ந்தனர். வேகம் குறைவாக இருந்தவரை விசிறியால் காற்றைச் செலுத்துவதே போதுமானதாக இருந்தது. அதிமீயொலி வேகத்தை எட்ட முற்பட்டபோது இருவகை இடர்ப்பாடுகள் தோன்றின.

முதலாவது குளிர்ச்சி. அழுத்தப்பட்ட காற்று கூம்புக்குழல் வழியே விரிந்து வேகம் பெறும்போது அதன் வெப்பநிலை வீழ்கின்றது. அறை வெப்பநிலையிலுள்ள காற்றை மாக் எண் 8க்கு விரியச் செய்தால், கணக்கின்படி அது ஏறத்தாழ 22 கெல்வினுக்குக் குளிர்ந்துவிடும். அதற்கு முன்பே காற்று நீர்மமாகிவிடும் என்பதால் ஆய்வு நிகழாது. எனவே காற்றை முன்கூட்டியே சூடாக்க வேண்டும்.

இரண்டாவது ஆற்றல். உண்மைப் பறத்தலில் மாக் எண் 8இல் செல்லும் கலத்தின் முனையில் காற்று ஏறத்தாழ 3,000 கெல்வின் வெப்பமடையும். அத்தகைய வெப்பமும் அழுத்தமும் உடைய காற்றைத் தொடர்ந்து செலுத்தினால் சுரங்கத்தின் சுவரே உருகிப்போகும். அதற்குத் தேவையான மின்னாற்றலும் மிகப் பெரிது.

இவ்விரு இடர்ப்பாடுகளையும் கடக்க உதவியது அதிர்ச்சிக் குழாய். 1899ஆம் ஆண்டு பிரெஞ்சு வெடிமருந்து அறிஞர் பால் வியெய் உருவாக்கிய இக்கருவியில், நீண்ட குழாயின் நடுவே ஒரு மெல்லிய தடுப்பு இருக்கும். ஒருபுறம் உயர் அழுத்த வளிமமும் மறுபுறம் தாழ் அழுத்த வளிமமும் நிரப்பப்படும். தடுப்பு உடையும் கணத்தில் அதிர்ச்சி அலை எழுந்து தாழ் அழுத்தப் பகுதியில் பாய்ந்து செல்கின்றது. அது கடந்த இடமெல்லாம் வளிமம் கணப்பொழுதில் அழுந்திச் சூடேறுகின்றது. இக்குழாயின் முடிவில் கூம்புக்குழலைப் பொருத்தினால், சூடேறிய வளிமம் விரிந்து அதிமீயொலி வேகம் பெறும். இவ்வமைப்பை 1951ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னெல் வானூர்தியியல் ஆய்வகத்தைச் சார்ந்த ஆபிரகாம் ஹெர்ட்ஸ்பெர்க் முன்வைத்தார். அதுவே அதிர்ச்சிச் சுரங்கம் ஆயிற்று. பின்னர் ஆஸ்திரேலியாவில் ரே ஸ்டாக்கர், விரைந்தோடும் உந்துதண்டால் வளிமத்தை அழுத்தி இன்னும் உயர்ந்த வெப்பம் பெறும் முறையை வளர்த்தார்.

அதிர்ச்சிச் சுரங்கத்தின் குறை அதன் காலம். ஓட்டம் நிலைத்திருப்பது பொதுவாக மில்லி நொடி அளவே. சுவர் உருகுவதற்குப் போதிய நேரமில்லை என்பதே இதன் வலிமை. அளப்பதற்கும் போதிய நேரமில்லை என்பதே இதன் சிக்கல்.

5. பெங்களூரில் காற்றுச் சுரங்கங்கள்

1940ஆம் ஆண்டு டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியாலும் மைசூர் அரசின் துணையாலும் இந்துஸ்தான் வானூர்தி நிறுவனம் பெங்களூரில் தோன்றியது. அதற்குரிய பொறியியல் அறிவை வளர்க்கும் தேவை எழவே, 1909ஆம் ஆண்டு நிறுவப்பட்டிருந்த இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1942ஆம் ஆண்டு வானூர்திப் பொறியியல் துறை தொடங்கப்பட்டது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் லுட்விக் பிராண்ட்டலிடம் பயின்ற வி. எம். காட்கே அத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். பின்னர் இந்துஸ்தான் நிறுவனத்தில் எச்.டி.-2 பயிற்சி வானூர்தியின் வடிவமைப்புக்கு அவர் தலைமை ஏற்றார்; அது 1951ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்தது.

அதே 1951ஆம் ஆண்டு சதீஷ் தவன் அமெரிக்காவின் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வுப்பட்டம் பெற்று இந்திய அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் அங்கு அமைத்த சிறிய மீயொலி வேகச் சுரங்கம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவதாகும். கருவி சிறியதாயினும் அதன் பயன் பெரிது. அதிர்ச்சி அலையை நூலில் மட்டுமே கண்டிருந்த மாணவர் அதனைக் கண்ணாடிச் சாளரத்தின் வழியே நேரில் காணும் நிலை ஏற்பட்டது. ஆய்வுக்கருவியை விலைகொடுத்து வாங்குவதைவிடத் தாமே கட்டிப் பயில்வது மேல் என்னும் மரபு அத்துறையில் வேரூன்றியது. தவன் பின்னர் அந்நிறுவனத்தின் இயக்குநராகவும், 1972 முதல் 1984 வரை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராகவும் விளங்கினார். காற்றியக்கவியலை அடிப்படையாகக் கற்ற ஒருவர் நாட்டின் விண்வெளித் திட்டத்தை வழிநடத்தியமை இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கதாகும்.

தேசிய வானூர்தியியல் ஆய்வகம் 1959ஆம் ஆண்டு தில்லியில் தொடங்கப்பெற்று, அடுத்த ஆண்டு பெங்களூருக்கு மாறியது. இதன் முதல் இயக்குநர் பி. நீலகண்டன், சர் சி. வி. இராமனின் மாணவர். இங்கு அமைந்த 1.2 மீட்டர் முவ்வேகக் காற்றுச் சுரங்கம் 1967ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கிற்று. ஒலிக்குக் குறைந்த வேகம், ஒலியை ஒட்டிய வேகம், ஒலியைக் கடந்த வேகம் ஆகிய மூன்றிலும் ஏறத்தாழ மாக் எண் 4 வரை இது ஆய்வு செய்ய வல்லது. பெரும் கலன்களில் சேமித்த அழுத்தக் காற்றை ஒரே மூச்சில் திறந்துவிடும் முறையில் இயங்குவது. இந்திய ஏவூர்திகளும் வானூர்திகளும் வானில் எழுவதற்குமுன் அவற்றின் சிறு மாதிரிகள் இச்சுரங்கத்தின் காற்றை எதிர்கொண்டன. தொடக்கத்தில் கூறப்பெற்ற தெருப்பெயர் இவ்வாய்வகத்தின் காற்றுச் சுரங்கங்களால் எழுந்ததே.

எனினும் ஏவூர்தி மேலே செல்லும் வழியில் எதிர்கொள்ளும் காற்றையே இவை பெரிதும் ஆராய்ந்தன. கலம் கீழே திரும்பும் வழியில் எதிர்கொள்ளும் காற்றை ஆராய வேறு கருவி வேண்டியிருந்தது.

6. மில்லி நொடியின் கலை

1970களின் தொடக்கத்தில் இந்திய அறிவியல் நிறுவனத்தில் என். எம். ரெட்டியின் முயற்சியால் முதல் அதிமீயொலி அதிர்ச்சிச் சுரங்கம் உருவாயிற்று. பெரும் சூடேற்றிகளையும் பேரளவு மின்னாற்றலையும் நாடாமல், ஒரு பல்கலைக்கழகத் துறையின் வசதிக்குள் அதிமீயொலி ஓட்டத்தைப் படைக்க இக்கருவியால் இயன்றது. அதனைத் தொடர்ந்து இரண்டாம் சுரங்கமும், உந்துதண்டால் இயங்கும் மூன்றாம் சுரங்கமும் அமைந்தன. கே. பி. ஜே. ரெட்டி, ஜி. ஜெகதீஷ் ஆகியோரின் வழிகாட்டுதலில் அதிமீயொலி மற்றும் அதிர்ச்சி அலை ஆய்வகம் வளர்ந்தது. 2005ஆம் ஆண்டு அதிர்ச்சி அலைகள் பற்றிய 25ஆம் பன்னாட்டுக் கருத்தரங்கு பெங்களூரில் நடைபெற்றது.

இரண்டாம் சுரங்கத்தின் அமைப்பு இவ்வாய்வின் தன்மையை நன்கு விளக்குகின்றது. அதன் அதிர்ச்சிக் குழாயின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். மாதிரி வைக்கப்படும் ஆய்வறை 300 மில்லிமீட்டர் சதுரம். உயர் அழுத்தப் பகுதியில் ஹீலியமும் மறுபகுதியில் காற்றும் நிரப்பப்படும். இரண்டுக்கும் இடையே அலுமினியத் தகடு உள்ளது. குறித்த அழுத்தத்தில் சீராக உடையும்படி அதில் பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். கூம்புக்குழலின் வாயிலில் காகிதத் தடுப்பு. அதற்கு அப்பால் காற்று நீக்கிய பெருங்கலன். அலுமினியம் உடைகின்றது, அலை பாய்ந்து கடைசியில் மோதித் திரும்புகின்றது, காகிதம் கிழிகின்றது, சூடேறிய காற்று மாதிரியின்மேல் பாய்கின்றது. ஏறத்தாழ ஒரு மில்லி நொடியில் ஆய்வு முடிந்துவிடுகின்றது.

ஒரு மில்லி நொடியில் என்ன அறிய இயலும் என்னும் ஐயம் இயல்பாக எழும். அதற்கு விடை வேகத்திலேயே உள்ளது. இச்சுரங்கத்தில் காற்றோட்டத்தின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர். எனவே ஒரு மில்லி நொடியில் காற்று 1.5 மீட்டர் தொலைவைக் கடக்கின்றது. மாதிரியின் நீளம் 10 சென்டிமீட்டர் எனில், மாதிரியின் நீளத்தைப் போல் 15 மடங்கு காற்று அதனைக் கடந்து செல்கின்றது. மாதிரியைச் சுற்றியுள்ள ஓட்டம் நிலைபெற இது பொதுவாகப் போதுமானது. மனிதருக்கு நொடிப்பொழுதிலும் சிறிதான காலம், ஓட்டத்துக்கு நீண்ட காலமாகின்றது. இவ்வுண்மையே சிறிய ஆய்வகம் ஒன்று பெரிய சிக்கலை எதிர்கொள்ள வழிவகுத்தது.

ஆயினும் அளக்கும் கருவியும் அதே விரைவுடையதாக இருத்தல் வேண்டும். வழக்கமான விசைத்தராசு அதிர்ந்து அடங்குவதற்குள் ஆய்வே முடிந்துவிடும். இதனை இருவழிகளில் ஆய்வாளர் கடந்தனர். வெப்பத்தை அளக்க, வெப்பம் எளிதில் கடத்தாத சுட்டமண் போன்ற பொருளின்மேல் மெல்லிய பிளாட்டினப் படலம் பூசப்பட்டது. வெப்பநிலை உயரும்போது படலத்தின் மின்தடை மாறும்; அம்மாற்றத்திலிருந்து வெப்பப் பாய்வு கணக்கிடப்படும். விசையை அளக்க, மாதிரி ரப்பர் வளையங்களால் தாங்கப்பெற்று, அதனுள் முடுக்கமானி பொருத்தப்பட்டது. ஒரு மில்லி நொடிக்குள் ரப்பர் மாதிரியைத் தடுப்பதில்லை. மாதிரி கட்டற்றதுபோல் நகர்கின்றது. நிறையும் முடுக்கமும் தெரிந்தால் விசை தெரிந்துவிடும். நியூட்டனின் இரண்டாம் விதி இவ்வாறு ரப்பர் வளையத்தின் துணையோடு அதிமீயொலி ஆய்வுக்கு வந்துசேர்ந்தது.

7. ஆய்வின் பயன்கள்

மழுங்கு முனை வெப்பத்தைக் குறைப்பினும் பின்னிழு விசையை மிகுவிக்கின்றது. திரும்பிவரும் கலத்துக்கு அது நன்மை. மேலே செல்லும் ஊர்திக்கு அது சுமை. இம்முரண்பாட்டைத் தீர்க்கும் முயற்சிகள் பெங்களூர் ஆய்வகத்தில் நடைபெற்றன. 120 பாகை உச்சிக்கோணமுள்ள மழுங்கிய கூம்பின் முன்னே, தட்டையான வட்டு பொருத்திய மெல்லிய கம்பியை நீட்டியபோது, மாக் எண் 5.75இல் பின்னிழு விசை பாதிக்கும் மேல் குறைந்ததாக 2003ஆம் ஆண்டு முடிவுகள் வெளிவந்தன. கம்பி முன்சென்று அதிர்ச்சி அலையின் வடிவத்தை மாற்றுவதே இதற்குக் காரணம்.

வேதியியல் அறிஞர் இ. அருணனும் பங்குபெற்று 2008ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில், கூம்பின்மேல் குரோமியம் பூசப்பட்டது. மூன்றாம் சுரங்கத்தின் உயர் வெப்பத்தில் பிளவுற்ற ஆக்சிஜனுடன் குரோமியம் வினைபுரிந்து வெப்பத்தை வெளிவிட்டது. அவ்வெப்பம் அதிர்ச்சி அலையை மேலும் முன்னே தள்ளியதால் பின்னிழு விசை ஏறத்தாழ 47 விழுக்காடு வரை குறைந்தது. வெப்பம் எப்போதும் பகையன்று, உரிய இடத்தில் அது துணையுமாகலாம் என்பதை இவ்வாய்வு காட்டியது.

அதிர்ச்சி அலையைக் கையாளும் திறன் பிற துறைகளுக்கும் பரவியது. ஊசியின்றி மருந்தை உடலில் செலுத்துதல், சந்தன மரத்திலிருந்து எண்ணெய் எடுத்தல் போன்றவற்றில் அவ்வாய்வகத்தார் ஈடுபட்டனர். கையால் உந்தி இயக்கக்கூடிய சிறு அதிர்ச்சிக் குழாய் ஒன்றைப் பற்றி 2013ஆம் ஆண்டு கே. பி. ஜே. ரெட்டியும் அவருடைய துணை ஆய்வாளரும் வெளியிட்டனர். கல்லூரி மேசைமீது வைத்து அதிர்ச்சி அலையைப் பயிற்றுவிக்க இயலும் என்பது இதன் சிறப்பாகும்.

8. வானில் நிகழ்ந்த சோதனைகள்

இந்தியாவில் மீள்நுழைவு அறிவு இருவழிகளில் வளர்ந்தது. ஒன்று ஏவுகணை, 1989ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் அக்னியின் முதல் பறத்தலில் மீள்நுழைவுத் தொழில்நுட்பம் சோதிக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டு தோன்றிய ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு இத்துறைக்குரிய கருவிகளை அயல்நாடுகளிலிருந்து பெறுவதை அரிதாக்கியது. ஆகவே நாட்டிலேயே ஆய்வு வசதிகளை வளர்ப்பது விருப்பமாக மட்டுமன்றிக் கட்டாயமாகவும் ஆயிற்று.

மற்றொன்று விண்வெளித் திட்டம். 2007ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் ஏவப்பட்ட 550 கிலோகிராம் நிறையுள்ள மீட்புக் கலம் 12 நாள்கள் புவியைச் சுற்றி, ஜனவரி 22ஆம் நாள் வங்காள விரிகுடாவில் இறங்கி மீட்கப்பட்டது. அதன் முனை மழுங்கியது. வெப்பங்காக்கும் சிலிக்கா ஓடுகள் அதன்மேல் பதிக்கப்பட்டிருந்தன. காற்று மண்டலத்தில் நுழைந்தபோது நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டராக இருந்த வேகம், கடலைத் தொட்டபோது நொடிக்கு ஏறத்தாழ 12 மீட்டராகக் குறைந்திருந்தது. 2014ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் மனிதர் செல்லும் கலத்தின் வடிவிலான, 3.7 டன் அளவு நிறையுள்ள கலம் சோதிக்கப்பட்டு அந்தமான் கடற்பகுதியில் இறங்கியது. 2016ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் சிறகுடைய மறுபயன் ஊர்தியின் மாதிரி ஏறத்தாழ 65 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மாக் எண் 5 அளவில் கீழிறங்கியது.

நிலத்து ஆய்வு வசதிகளும் விரிவடைந்தன. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் 1 மீட்டர் அளவிலான அதிமீயொலிக் காற்றுச் சுரங்கமும் அதிர்ச்சிச் சுரங்கமும் 2017ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டன. அவ்வளாகத்துக்குச் சதீஷ் தவனின் பெயர் சூட்டப்பட்டது. ஐதராபாதில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் அதிமீயொலிச் சுரங்கம் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. பெங்களூரில் சில அங்குல அளவில் தொடங்கிய முயற்சி ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் ஒரு மீட்டர் அளவை எட்டியது.

9. அளக்கப்பட்டதும் விடுபட்டதும்

பெரிய சுரங்கம் வந்தபின் சிறியது தேவையற்றதாகிவிடும் எனக் கருதுதல் பொருந்தாது. நீண்ட நேரம் ஓடும் சுரங்கம் வேகத்தையும் விசையையும் காட்டும். உண்மை வெப்பத்தைக் காட்டாது. அதிர்ச்சிச் சுரங்கம் வெப்பமிக்க ஓட்டத்தைக் காட்டும். நீடித்த வெப்பத்தில் ஓடும் பிணைப்பும் எவ்வாறு தாங்கும் என்பதைக் காட்டாது. மின்வில்லால் காற்றைச் சூடாக்கும் பிளாஸ்மாச் சுரங்கம் பொருளின் தாங்குதிறனைக் காட்டும். கலத்தின் முழு வடிவத்தைச் சுற்றிய ஓட்டத்தைக் காட்டாது. கணிப்பொறிக் கணக்கீடு இவற்றை இணைக்கும். ஆனால் அதன் சரிமை இவற்றின் அளவீடுகளையே சார்ந்துள்ளது. ஒவ்வொன்றும் உண்மையின் ஒரு கூறைத் தருவதால் கருவியைத் தேர்தல் என்பது வினாவைத் தேர்தலே ஆகும்.

வினா கேட்கப்படாதபோது நேரும் விளைவைக் கொலம்பியாவின் இறுதிப் பயணம் காட்டுகின்றது. 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் மீள்நுழைவின்போது அவ்விண்ணோடம் சிதைந்து, கல்பனா சாவ்லா உள்ளிட்ட 7 பேர் உயிர்நீத்தனர். ஏவுதலின்போது எரிபொருள் கலனிலிருந்து உதிர்ந்த நுரைப்பொருள் இடச்சிறகின் முன்விளிம்பைத் தாக்கிப் பழுதாக்கியிருந்தது. அப்பழுதின் வழியே வெப்ப வளிமம் சிறகினுள் புகுந்தது. எடையற்றதுபோல் தோன்றும் நுரை அத்தகைய துளையை உண்டாக்குமா என்பதை அதே ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் நடத்திய நிலத்து ஆய்வு தெளிவாக்கியது. வளிமத் துப்பாக்கியால் செலுத்தப்பட்ட நுரைத்துண்டு சிறகுத்தகட்டில் பெருந்துளையை ஏற்படுத்தியது. பயணத்துக்குமுன் கேட்கப்பட வேண்டிய வினாவுக்கு விடை பயணம் முடிந்தபின் கிடைத்தது.

10. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. பெங்களூரில் மீள்நுழைவு ஆய்வு ஏவூர்தித் திட்டத்தால் திடீரெனத் தோன்றியதன்று. 1940களில் வானூர்தித் தொழிலையும் கல்வியையும் ஒருங்கே வளர்த்த முயற்சியின் தொடர்ச்சியாகும். பெரும் பொருட்செலவுக்கு வழியில்லாத நிலையில் மில்லி நொடி ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. எனினும் அது குறையாக நின்றுவிடாமல் தனித்திறனாக வளர்ந்தது. அலுமினியத் தகடு, காகிதத் தடுப்பு, ரப்பர் வளையம் போன்ற எளிய பொருள்களைக்கொண்டு அரிய அளவீடுகள் பெறப்பட்டமை இதற்குச் சான்று.

மனிதரை ஏற்றிச் செல்லும் கலத்தைத் திட்டமிடும் நாட்டுக்கு இவ்வரலாறு உணர்த்தும் செய்தி ஒன்று உண்டு. சுரங்கத்தின் அளவும் வேகமும் பெருமைக்குரியனவே. ஆயினும் அச்சுரங்கம் எதைக் காட்டவில்லை என்பதைத் தெளிவாக அறிந்திருப்பதே கலத்தில் அமர்வோரின் உயிருக்குக் காவலாகும். 1981இல் மடிப்பு சாய்ந்த கோணமும், 2003இல் சிறகில் நேர்ந்த துளையும் இவ்வுண்மையையே வெவ்வேறு விலைகொடுத்து நிறுவின. மர்பி டவுனின் இருபுறத்தும் அமைந்த ஆய்வகங்களில் ஒரு மில்லி நொடிக்குள் பெற்ற அளவீடுகளின் மதிப்பும், அவற்றின் எல்லையை அறிந்து பயன்படுத்தியதிலேயே அடங்கியுள்ளது எனலாம்.